கிளினிக் ஃபக்ஸில் நம்பர் ஏற்றிய மூன்று பின்னேரங்கள்

எங்கள் கிளினிக்கில் இருந்த பழைய ஃபக்ஸ் மெஷின் தை மாதக் குளிரோடு கண்ணை மூடிவிட்டது. பேப்பரை இழுக்கும், பாதியில் நிற்கும், கரகரவென்று ஒரு சத்தம் வரும், அப்புறம் ஒன்றுமில்லை. அதைத் திருத்துகிற காசுக்கு இன்னொன்று வாங்கலாம் என்று டொக்டரே எங்கேயோ ஒரு பாவித்த மெஷினை வாங்கி வந்து ரிசெப்ஷன் மேசையில் வைத்தார். "தம்பி, பழையதில இருந்த நம்பர் எல்லாத்தையும் இதில ஏத்திவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் மெக்கானிக் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு மேல் வந்து கணக்கு, பில், ஃபைல் அடுக்குவது என்று கைக்கு வந்ததைச் செய்கிற ஆள். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனில், அதாவது போன், ஃபக்ஸ் போட்டுக்கொடுக்கிற கடையில், இருந்தவன். கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் ஸ்பொன்சர் பேப்பர், பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு என்று பக்கக் கணக்கில் காசு வாங்கி அனுப்பிய கை இது. அதனால் 'ஃபக்ஸ் என்றால் இவருக்குத் தெரியும்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் அங்கே நம்பர் பதிந்து வைக்கிற தேவையே இருக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு நம்பரைத் துண்டுக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவார்கள். எதைப் பதிவது?

இந்தக் காலத்திலும் ஃபக்ஸா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். எங்கள் ரொறன்ரோ கிளினிக் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் மருத்துவத்துறையின் கடிதப் போக்குவரத்தில் பெரும்பங்கு இன்னும் ஃபக்ஸில்தான். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கச் சொல்லிப் பார்மசி அனுப்புவது ஃபக்ஸ். ஸ்பெஷலிஸ்டுக்குப் போகிற ரெஃபரல் ஃபக்ஸ். ஸ்கான் முடிவு ஃபக்ஸ். 2023 பெப்ரவரியில் மாகாண அரசு வெளியிட்ட சுகாதாரத் திட்டத்தில், ஐந்து வருடத்துக்குள் மருத்துவ இடங்களில் ஃபக்ஸ் மெஷினுக்கு மாற்று வழி கொண்டுவருவோம் என்று எழுதியிருந்தார்கள். நல்லது, கொண்டுவரட்டும். அதுவரைக்கும் எங்கள் மேசையில் அது ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பக்கம் கக்கத்தான் போகிறது.

வாங்கி வந்தது பிரதர் இன்டெலிஃபக்ஸ் 2820. லேசர் மெஷின், பக்கத்தில் ரிசீவரும் உண்டு. முகப்பில் பத்து ஒன்-டச் பட்டன், ஒரே அழுத்தில் பதிந்த நம்பரை அடிப்பவை. ஒவ்வொரு பட்டனுக்குள்ளும் இரண்டு நம்பர் போடலாம்: சும்மா அழுத்தினால் 1 முதல் 10 வரை, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் 11 முதல் 20 வரை. அது போதாதென்றால் 001 இலிருந்து 200 வரை மூன்று இலக்கக் குறியீட்டோடு ஸ்பீட் டயல் வேறு. ஆக 220 இடம். எங்களுக்குத் தேவை பதினேழே பதினேழு.

முதல் வேலையாக, உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பட்டியலை அச்சடித்துப் பார்த்தேன். பாவித்த மெஷின் வாங்குகிற எவரும் இதை முதலில் செய்யவேண்டும். முந்திய சொந்தக்காரரின் பதினொரு நம்பர் அப்படியே இருந்தது. அவர் ஏதோ காப்புறுதி சம்பந்தமான ஆள் என்று பெயர்களிலிருந்து தெரிந்தது. ஐந்தாம் பட்டனில் 'மம்', ஒன்பதாம் பட்டனில் 'பீட்ஸா'. ஃபக்ஸ் மெஷினில் அம்மாவின் நம்பரை வைத்திருந்த அந்த மனிதர் மேல் ஒரு பிரியம் வந்தது. என்றாலும் அம்மாவையும் பீட்ஸாவையும் சேர்த்துத்தான் அழித்தேன்.

இன்னொன்றும் கிடந்தது, அதுதான் ஆபத்தானது. நாம் அனுப்புகிற ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி போகும்: திகதி, நேரம், அனுப்புகிறவரின் பெயர், நம்பர், பக்க எண். அந்தப் பெயரும் நம்பரும் ஸ்டேஷன் ஐடி என்ற இடத்திலிருந்து வருகிறது. அங்கேயும் பழைய ஆளின் பெயர்தான் இருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் எங்கள் டொக்டரின் மருந்துச் சீட்டு ஒரு காப்புறுதி முகவரின் தலைப்போடு பார்மசிக்குப் போயிருக்கும். அவர்கள் அதைக் குப்பையில் போட்டாலும் பிழை சொல்ல முடியாது. மெனு, 0, 3 அழுத்தி அதை முதலில் மாற்றினேன். கடிகாரமும் ஒரு மணித்தியாலம் முந்தி நின்றது, கோடைகால நேரத்திலிருந்து யாரும் திருப்பி வைக்கவில்லைப் போல. அதையும் சரி செய்தேன்.

நம்பர் ஏற்றுவதைவிட நம்பர் சேர்ப்பதுதான் பெரிய வேலையாகிப் போனது. பழைய மெஷின் செத்துவிட்டதால் அதிலிருந்து பட்டியல் எடுக்க வழியில்லை. ரிசெப்ஷன் அக்காவிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. கிளினிக் தொடங்கின காலத்திலிருந்து ஒருவர் கை மாறி ஒருவர் கையில் வந்த கொப்பி. அதில் பாதி நம்பர்கள் ஏழு இலக்கம். முன்னால் வரவேண்டிய பிரதேசக் குறியீடு 416 ஆ, 905 ஆ என்று எழுதியிருக்கவில்லை.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1947 இல் வட அமெரிக்காவுக்குப் பிரதேசக் குறியீடுகள் வகுத்தபோது இந்தப் பக்கத்துக்குக் கிடைத்தது 416. 1993 இல் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களைப் பிரித்து 905 ஆக்கினார்கள். 2001 இல் 647 வந்தது. ஒரே ஊருக்குள் இரண்டு குறியீடு என்றானதும் பக்கத்து வீட்டுக்கு அடித்தாலும் பத்து இலக்கமும் அடிக்கவேண்டும் என்று ஆனது. 2013 இல் 437 உம் சேர்ந்தது. ஆகவே அந்தக் கொப்பியில் ஏழு இலக்கத்தில் கிடக்கிற நம்பர்கள் 2001 க்கு முந்தியவை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நம்பரில் இப்போது யார் இருக்கிறார்களோ!

அதனால் கொப்பியை நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். பதினேழு இடத்துக்கும் போன் எடுத்து, "உங்கள் ஃபக்ஸ் நம்பரை ஒருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைத் திரும்ப வாசித்துக் காட்டி எழுதினேன். முதல் பின்னேரம் இதிலேயே முடிந்தது. நாலு இடத்தில் நம்பர் மாறியிருந்தது. ஒரு இடத்தில் எங்களுடைய நம்பரே அவர்களிடம் பிழையாக இருந்தது தெரியவந்தது, ஆறு மாதமாக ஏன் அங்கிருந்து ஒன்றும் வருவதில்லை என்பதற்கு விடையும் கிடைத்தது. ஒரே ஒரு இடம் மட்டும் போனை எடுக்கவேயில்லை. மணி அடிக்கும், பாட்டுப் போகும், மறுபடி மணி அடிக்கும்.

இரண்டாம் பின்னேரம் பதிகிற வேலையைத் தொடங்கினேன். மெனு, 2, 3, 1. இந்த நாலு பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு இப்போது அழுத்துவேன். 2 என்பது ஃபக்ஸ், 3 நம்பர் பதிகிற இடம், 1 ஒன்-டச். கடைசியில் 1 க்குப் பதிலாக 2 போட்டால் மூன்று இலக்க ஸ்பீட் டயல். பிறகு எந்தப் பட்டனில் வைக்கப் போகிறோமோ அதை அழுத்தவேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், மாற்றவா வெளியேறவா என்று கேட்கும். 1 போட்டால் மாற்றலாம். நம்பரை அடித்து ஓகே, பெயரை அடித்து மறுபடி ஓகே. நம்பருக்கு இருபது இலக்கம் வரை இடம் உண்டு, பெயருக்குப் பதினைந்து எழுத்து.

சொல்லச் சுலபம். பெயர் அடிக்கத் தொடங்கினால்தான் பழைய கைபேசிக் காலம் ஞாபகம் வரும். எண் பட்டன்களிலேயே எழுத்தும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எஸ்' வேண்டுமென்றால் 7 ஐ நாலு தரம் தட்டவேண்டும். ஒரு தரம் கூடினால் எழுத்து ஓடிவிடும், மறுபடி சுற்றி வரவேண்டும். ஒரே பட்டனில் உள்ள இரண்டு எழுத்து அடுத்தடுத்து வந்தால், முதல் எழுத்தை அடித்ததும் வலது அம்புக் குறியால் ஒரு இடம் தள்ளிவிட்டு அடுத்ததைத் தட்டவேண்டும். இடைவெளிக்கு அம்புக்குறி இரண்டு தரம். 'பார்மசி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒருமுறை முழுதாக அடித்துப் பார்த்தேன். அதன் பிறகு எல்லாப் பார்மசிக்கும் முன்னால் ஒரே 'பி' தான், பின்னால் தெருவின் பெயர். கடையின் பெயரைவிடத் தெருப் பெயர் மேல். சங்கிலிக் கடைகளின் பெயரில் நாலு கிளை இருந்தால் பதினைந்து எழுத்துக்குள் எது எது என்று பிரித்துக் காட்ட முடியாது.

முதல் நம்பரைப் பதிந்து முடித்து, எழுத்தில்லாத ஒரு வெள்ளைத் தாளை வைத்து அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. இரண்டாவதும் போகவில்லை. அக்கா பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது ஒண்டும் போகுதில்லையே, அண்ணை. பழசே பரவாயில்லைப் போல" என்றார்.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கையால் அடித்துப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. போன வருடம் டொக்டர் செலவைக் குறைக்கவென்று தனி ஃபக்ஸ் லைனை வெட்டிவிட்டு, கிளினிக்கின் உள் இணைப்புப் பெட்டியில் ஒரு எக்ஸ்டென்ஷனாக ஃபக்ஸைப் போட்டிருந்தார். வெளியே போக முதலில் 9 அடிக்கவேண்டும். நாங்கள் போன் பேசும்போது 9 ஐ அடித்து, வெளி லைனின் டயல் டோன் வரும்வரை அரை மூச்சுப் பொறுத்து, பிறகு நம்பரை அடிப்போம். அந்தப் பொறுமை விரலுக்குப் பழகிவிட்டது, அதனால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மெஷினுக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. முன்னால் 9 சேர்த்துப் பதிந்தபோது அது 9416 என்று ஒரே மூச்சில் அடித்துத் தள்ளியது. பெட்டி வெளி லைனைத் திறக்கிற நேரத்துக்குள் 4 உம் சில வேளை 1 உம் காற்றோடு போய்விட்டது.

இதற்கு மருந்து ரீடயல்/போஸ் (Redial/Pause) என்று எழுதியிருக்கிற பட்டன். நம்பர் பதியும்போது 9 ஐ அடித்துவிட்டு அதை ஒரு தரம் அழுத்தினால் அந்த இடத்தில் மூன்றரை விநாடி நின்றுவிட்டு மிச்சத்தை அடிக்கும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அதையே இரண்டு மூன்று தரம் அழுத்தி இன்னும் நீட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு ஒன்று போதும். ஆனால் அதற்குள் நான் ஆறு நம்பர் பதிந்துவிட்டிருந்தேன். ஆறையும் மறுபடி திறந்து திருத்தினேன். ஒரு நம்பரை ஏற்றி, அது போகிறதா என்று பார்த்த பிறகுதான் இரண்டாவதைத் தொடவேண்டும். வெள்ளவத்தையில் முதலாளி இதையே வேறு வார்த்தையில் சொல்லித் திட்டுவார்.

அடுத்த வில்லங்கம் ஒஷாவா. இங்கே நீண்டதூர அழைப்பென்றால் முன்னால் 1 அடிக்கவேண்டும், உள்ளூர் என்றால் அடிக்கக்கூடாது. 416, 647, 437 எல்லாம் எங்களுக்கு உள்ளூர். அதில் குழப்பமில்லை. 905 தான் இரண்டும் கெட்டான். பிக்கறிங், ஏஜக்ஸ், மார்க்கம், மிசிசாகா எல்லாம் 905, ஆனால் ரொறன்ரோவிலிருந்து உள்ளூர் அழைப்பு. ஏஜக்ஸைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் ஒஷாவா. அதுவும் 905. ஆனால் நீண்டதூரம். மேற்கே ஹமில்டனும் அப்படித்தான். நம்பரின் முகத்தைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்லமுடியாது.

ஒஷாவாவில் உள்ள ஒரு இருதய நிபுணருக்கு நான் 1 போடாமல் பதிந்திருந்தேன். மெஷின் அடித்தது, காத்திருந்தது, பதில் இல்லை என்று தாளை அச்சடித்துத் தந்தது. ரிசீவரை எடுத்துக் கேட்டால், ஒரு அம்மாவின் பதிவுசெய்த குரல் மிகப் பொறுமையாக இது நீண்டதூர அழைப்பு, 1 சேர்த்து அடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மெஷினுக்கு அந்தக் குரல் ஒன்றுமில்லை. அது எதிர்ப்பக்கத்து ஃபக்ஸின் கீச்சுச் சத்தத்துக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். மனுஷர் பேசினால் அதற்குக் கேட்காது. ஆகவே ஃபக்ஸ் போகவில்லை என்றால் மெஷின் தருகிற தாளை வாசித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ரிசீவரை எடுத்து, அது என்ன கேட்கிறதோ அதை நாமும் கேட்கவேண்டும். பாதி வருத்தத்துக்கு மருந்து அங்கே கிடைக்கும்.

இதற்குப் பயந்து எல்லாவற்றுக்கும் முன்னால் 1 போட்டுவிடலாமே என்று நினைத்தேன். எங்கள் லைனில் அதுவும் நடக்கவில்லை. உள்ளூர் நம்பருக்கு 1 போட்டால் அதே பொறுமையோடு இன்னொரு குரல், 1 தேவையில்லை என்றது. தேவையில்லை என்று தெரிகிறதல்லவா, அப்படியே இணைத்துவிட்டால் என்ன என்று எனக்கு எரிச்சல். அப்புறம் ஒவ்வொரு 905 ஐயும் கையால் அடித்துக் கேட்டு, எதற்கு 1 எதற்கு இல்லை என்று பட்டியலில் சிவப்புப் பேனாவால் குறித்தேன்.

இனி வெட்கக்கேடான பகுதி. மூன்றாம் நாள் காலையில் கிளினிக் திறந்ததும் ஒரு மனிதர் போன் எடுத்திருக்கிறார். நேற்றுப் பின்னேரம் உங்கள் நம்பரிலிருந்து என் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு வந்தது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை, கீ என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கீ, எங்கள் குழந்தை எழும்பிவிட்டது என்று. அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார்: "அண்ணை, ஆரோ ஒராளின்ர வீட்டுக்கு ஃபக்ஸ் அடிச்சிருக்கிறியள்."

அந்தக் கீ சத்தம் அனுப்புகிற மெஷின் போடுகிற கூவல். 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடி, மூன்று விநாடி அமைதி, மறுபடி அரை விநாடி. எதிர்ப்பக்கத்தில் ஃபக்ஸ் இருந்தால் 2100 ஹெர்ட்ஸில் பதில் குரல் கொடுக்கும், பிறகு இரண்டும் பேசிக்கொள்ளும். வீட்டில் ஒரு மனிதர் 'ஹலோ, ஹலோ' என்றால் அதற்கு விளங்காது. நானும் போகவில்லை போகவில்லை என்று அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்தது சரி. 58 என்று முடிகிறது. மெஷினுக்குள் இருந்தது 85. எண் பட்டன்களில் 5 உம் 8 உம் ஒன்றுக்குக் கீழ் ஒன்று. விரல் கீழிருந்து மேலே போய்விட்டது. நல்ல வேளை அது ஒரு வீடு. நான் அனுப்பப் பார்த்ததும் வெள்ளைத் தாள். அதே 85 இல் இன்னொரு அலுவலகத்தின் ஃபக்ஸ் இருந்து, பின்னால் உண்மையான ரெஃபரல் ஒன்று போயிருந்தால்? நோயாளியின் பெயர், பிறந்த திகதி, ஹெல்த் கார்ட் நம்பர், என்ன வருத்தம் என்பது வரை ஒருவருடைய மேசையில் விழுந்திருக்கும். எங்களுக்கு 'அனுப்பப்பட்டது' என்று நல்ல செய்தி வந்திருக்கும். 2004 இலிருந்து மருத்துவத் தகவலுக்கென்று இந்த மாகாணத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. பிழையான இடத்துக்குப் போகிற ஃபக்ஸ் தனியுரிமை மீறலுக்கு முக்கியமான காரணம் என்று தனியுரிமை ஆணையர் அலுவலகமும் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

கையால் அடிக்கும்போது பிழை விட்டால் அது அந்த ஒரு தடவையோடு போய்விடும். பட்டனுக்குள் வைத்த பிழை அப்படியில்லை. பட்டனில் பெயர் எழுதியிருக்கிறது, அழுத்துகிறவர் பெயரை நம்பி அழுத்துவார், உள்ளே இருக்கிற நம்பரை யாரும் பார்க்கப் போவதில்லை. நான் விட்ட ஒரு பிழையை அக்கா வருடக் கணக்கில் தினமும் எனக்காகச் செய்துகொண்டிருப்பார். இந்த யோசனை வந்ததும் மூன்றாம் பின்னேரம் முழுவதையும் சரிபார்க்கவே ஒதுக்கினேன்.

மெஷினுக்குள் இருக்கிற பட்டியலை அச்சடித்தேன். நான் எழுதிய பட்டியலை அக்கா கையில் கொடுத்தேன், அச்சடித்தது என் கையில். அவர் இலக்கம் இலக்கமாக வாசிக்க நான் என் தாளில் கோடு போட்டேன். நான் வாசித்து அவர் பார்ப்பதைவிட இது நல்லது. பதிந்தவனே வாசித்தால் தான் நினைத்ததைத்தான் வாசிப்பான். அவர் ஆங்கிலத்தில் வேகமாக வாசித்தபோது ஒரு இடத்தில் நான் தவறவிட்டேன், பிறகு தமிழில் 'நாலு, ஒண்டு, ஆறு' என்று மெல்ல வாசிக்கச் சொன்னேன். அந்தப் 85 ஐத் தவிர இன்னொரு பிழையும் அகப்பட்டது: ஒரு பார்மசிக்கு இரண்டு பூச்சியம் வரவேண்டிய இடத்தில் மூன்று.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சோதனைத் தாள் அனுப்பினேன். எங்கள் கிளினிக்கின் பெயரும், 'உங்கள் நம்பரைச் சரிபார்க்கிறோம், இது கிடைத்தால் ஒரு கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புங்கள்' என்ற வரியும் மட்டும், நோயாளியின் விபரம் ஒன்றுமில்லை. 'அனுப்பப்பட்டது' என்று மெஷின் சொல்வது, எங்கேயோ ஒரு ஃபக்ஸ் எடுத்தது என்பதற்கு மட்டும் சாட்சி. யாருடைய ஃபக்ஸ் என்பதற்கு அந்தக் கையெழுத்துத்தான் சாட்சி. திரும்பி வந்த தாள்களின் தலை வரியையும் பார்த்தேன், அனுப்பியவரின் பெயரும் நம்பரும் எங்கள் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று. ஒரு பார்மசியின் தலை வரியில் வேறொரு பார்மசியின் பெயர் இருந்தது. பதறிப்போய் போன் எடுத்தேன். அவர்களும் பாவித்த மெஷின் வாங்கினவர்களாம்!

எந்தப் பட்டனில் எதை வைப்பது என்பதில் நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். இயல்பாக யாரும் செய்வது, அடிக்கடி அனுப்புகிற பத்தை மேலேயும் மிச்சத்தை ஷிஃப்டுக்குக் கீழேயும் வைப்பது. நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். ஆனால் அக்கா வேலை செய்வதைப் பார்த்தேன். ஒரு தோளில் போனை இடுக்கியிருக்கிறார், எதிரில் ஒருவர் ஹெல்த் கார்டை நீட்டுகிறார், இடது கையால் தாளைச் செருகி வலது கையால் பட்டனை அழுத்துகிறார். இதில் ஷிஃப்டை யார் பிடிப்பது? மூன்றாம் பட்டனில் சும்மா அழுத்தினால் பார்மசி, ஷிஃப்டோடு அழுத்தினால் மனநல நிபுணர் என்று வைத்தால், என்றைக்காவது ஒரு நாள் மனநல நிபுணருக்குப் போகவேண்டிய கடிதம் பார்மசிக்குப் போகும். அது நிச்சயம்.

அதனால் ஷிஃப்ட் மாடியை வெறுமையாக விட்டேன். ஒன்-டச்சில் பத்தே பத்து: ஆறு பார்மசி, இரண்டு லாப், இரண்டு ஸ்கான் எடுக்கிற இடம். ஸ்பெஷலிஸ்டுகள் ஏழு பேரையும் 001 இலிருந்து மூன்று இலக்க ஸ்பீட் டயலில் வைத்தேன். அதற்குப் பட்டனை அழுத்தி மூன்று இலக்கம் அடிக்கவேண்டும், திரையில் பெயர் வரும், பார்த்துவிட்டு ஸ்டார்ட். நாலு விநாடி கூட எடுக்கும். "என்னண்ணை, அவசரத்துக்குக் கரைச்சலாக் கிடக்கு" என்று அக்கா முறைப்பட்டார். ரெஃபரல் அவசரத்தில் அனுப்புகிற சாமான் இல்லை என்று சொன்னேன். டொக்டர் என் பக்கம் நின்றார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

குழு அனுப்பலும் இந்த மெஷினில் உண்டு, மெனு, 2, 3, 3. ஒரு பட்டனுக்குள் பல நம்பர்களைக் கோர்த்து வைத்தால் ஒரே தாள் வரிசையாக எல்லோருக்கும் போகும். கோர்க்கும்போது திரையில் ஒன்-டச் நம்பருக்கு முன்னால் நட்சத்திரமும் ஸ்பீட் டயலுக்கு முன்னால் கட்டக் குறியும் போட்டுக் காட்டும். தைப்பொங்கலுக்கும் நீண்ட வார விடுமுறைக்கும் கிளினிக் பூட்டியிருக்கும் என்று ஆறு பார்மசிக்கும் அறிவிக்க நல்ல வசதி. ஆனால் கை தவறினால் ஒரு நோயாளியின் கடிதம் ஆறு கடைக்கும் போகும். ஆகவே அதை ஒன்-டச்சில் வைக்காமல் 200 இல், கடைசி அறையில் வைத்தேன். அந்த இலக்கத்தை நானும் டொக்டரும் மட்டும் அறிவோம். அக்கா இதை வாசித்தால் மூன்று பேர்.

கரண்ட் போனால் இதெல்லாம் அழிந்துவிடுமா என்று டொக்டர் கேட்டார். இந்த மெஷினில் பதிந்த நம்பர்கள் அழியாது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை, நானும் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மாட்டிக் காட்டினேன். அப்படியே இருந்தது. என்றாலும் அச்சடித்த பட்டியலில் ஒரு பிரதியைத் திகதி போட்டு மெஷினுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். நீலக் கொப்பியை அக்கா எறிய விடவில்லை. அதன் முதல் பக்கத்தில் யாரோ பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்களாம்.

பட்டன்களுக்குப் பக்கத்தில் பெயர் எழுதுகிற காகிதத் துண்டுக்கு இடம் இருக்கிறது. அக்கா தன் குண்டு எழுத்தில் எழுதித் தந்தார். தமிழில் எழுதினால் டொக்டரும் நானும் அவரும் வாசிப்போம், சனிக்கிழமை வேலைக்கு வருகிற பிள்ளை வாசிக்காது. அதனால் ஆங்கிலத்தில் தெருப் பெயர், பக்கத்தில் நிறம்: பார்மசிக்குப் பச்சை, லாபுக்குச் சிவப்பு, ஸ்கானுக்கு நீலம்.

எட்டாம் பட்டனில் மட்டும் பெயர் இல்லை. முதல் நாளிலிருந்து போன் எடுக்காத லாப் அது. கொப்பியில் இருக்கிற நம்பரை அதில் பதிந்துவிடச் சொல்லி அக்கா இரண்டு தரம் கேட்டார், நான் மாட்டேன் என்றுவிட்டேன். அந்தப் பட்டனுக்கு மேல் டிரெசிங் அறையிலிருந்து ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்டரை எடுத்து ஒட்டியிருக்கிறேன். இன்றைக்கும் மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். பாட்டுத்தான் போகிறது.